‘டிமர்’ என்னும் சொல்லின் வரலாறு

வெளி மாநிலங்களில் வாணிபம் புரியும் தமிழருக்கு ‘டெமரேஜ்’ என்ற சொல் புதிதன்று. ரயிலில் வந்த சரக்கை, விதித்த நேரத்துக்குள் வேகனிலிருந்து இறக்காவிடில் இக்கட்டணம் தலையில் விழும். இச்சொல்லினுள்ளே ‘டிமர்’ என்றொரு வினைச்சொல் இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் ‘தயங்குதல்’ என்று பொருள் காண்கிறோம். தயக்கத்துக்கும் ரயில்வே கட்டணத்துக்கும் என்ன உறவு?

லத்தீனில் ‘மோரா’ என்றால் தாமதம். கடன் தவணைகளை ஒத்திவைக்க 2020-ல் ரிசர்வ் வங்கி அனுமதித்தபோது எல்லோர் வாயிலும் புழங்கிய ‘மொரட்டோரியம்’ என்ற சொல்லும் அதன் வழி வந்ததே. அதே வேரிலிருந்து பழைய பிரெஞ்சில் ‘தங்கியிருத்தல்’ என்ற பொருளில் ஒரு வினை தோன்றியது. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அது ஆங்கிலத்தில் புகுந்தது. அப்போது ‘டிமர்’ என்றால் தங்குதல், காலம் தாழ்த்துதல், அவ்வளவே. தாமதிக்கும் கப்பலுக்கும் வேகனுக்கும் விதிக்கும் கட்டணம் அந்தப் பழம்பொருளை இன்றும் சுமந்து நிற்கிறது.

சொல்லின் போக்கை மாற்றியவர்கள் வழக்கறிஞர்கள். வழக்குகளை ஆங்கிலத்திலேயே வாதிக்க வேண்டுமென 1362-ல் சட்டம் பிறந்தும், நீதிமன்றங்களிலிருந்து பிரெஞ்சுச் சொற்கள் அகலவில்லை. வாதி கூறும் செய்திகள் யாவும் உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் சட்டப்படி வழக்கு நில்லாது என்று பிரதிவாதி கருதினால், மேலே ஒன்றும் கூறாமல், “இந்த இடத்திலேயே நிற்கிறேன், நீதிபதி முடிவு கூறட்டும்” என்பார். இதற்கு ‘டிமரர்’ என்று பெயர். தங்கி நின்றது தடை கூறுதலாக மாறிய இடம் இதுவே. இங்கிலாந்தில் 1883-ஆம் ஆண்டு விதிகள் இந்த முறையை ஒழித்தன. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அது இன்னும் வழங்குகிறது.

அன்றாட ஆங்கிலத்தில் ‘டிமர்’ செய்கிறவர் முகத்திலடித்தாற்போல் மறுப்பதில்லை. நம் வீடுகளில், “அதற்கென்ன, பார்க்கலாம்...” என்று இழுப்பார்களே, ஏறத்தாழ அதுதான். நம் ‘இழுத்தல்’ என்ற சொல்லிலும் தாமதமும் மனமின்மையும் ஒருங்கே இருப்பதைக் கவனியுங்கள்!

ஆனால் ஒப்பந்தப் பத்திரத்தில் இந்த மென்மை செல்லாது. ஒப்பந்தக்காரருக்காக வங்கி அளிக்கும் உத்தரவாதங்களில், கோரியவுடன் ‘டிமர் இன்றி’ப் பணம் செலுத்துவதாக ஒரு வாசகம் வரும். மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில் நான் அதைத் ‘தயக்கமின்றி’ என்று எழுதினேன். மூத்தவர் ஒருவர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “தயங்காமலேயே ஒருவன் ஆட்சேபிக்கலாமே?” என்று கேட்டார். உண்மைதான். ஒப்பந்தக்காரருக்கும் இலாகாவுக்கும் உள்ள தகராறைக் காட்டி வங்கி பணத்தை நிறுத்தலாகாது என்பதே அந்த வாசகத்தின் நோக்கம். என் சொல்லோ அந்தக் கதவைத் திறந்தே விட்டிருந்தது. ‘ஆட்சேபணையின்றி’ என்று திருத்தினேன். அப்போது தாமதம் என்ற பழம்பொருள் நழுவிற்று. ஆகவே ‘உடனடியாகவும்’ என்று இன்னொரு சொல்லையும் சேர்க்க வேண்டியதாயிற்று.