பிளஸ் குறி போட்ட எடைப்பிரிவு: குர்தீப் சிங்கின் நான்கு எண்கள்

திருமங்கலம் பக்கம் எங்கள் ஊர் மந்தையில் ஓர் இளவட்டக்கல் கிடக்கிறது. பாதி மண்ணுக்குள் போய்விட்டது. மேலே ஆடு படுத்திருக்கும். பெரியப்பா காலத்தில் பொங்கலுக்குப் பொங்கல் அதைத் தூக்குவார்களாம். குத்தவைத்துக் கல்லைக் கட்டிப்பிடித்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்கு ஏற்றி, தோள்வழியே பின்னால் போட வேண்டும். கல்யாணக்கல் என்றும் இதற்குப் பெயர் உண்டு. காரணம் உங்களுக்கே தெரியும். இதில் நான் கவனித்தது ஒன்றுதான்: தூக்குகிறவன் எத்தனை கிலோ இருக்கிறான் என்று யாரும் கேட்டதில்லை. கல் ஒன்று, யார் வேண்டுமானாலும் வரலாம்.

பளுதூக்கும் போட்டி அப்படியில்லை. முதலில் ஆளை நிறுப்பார்கள், அப்புறம்தான் இரும்பு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, கடைசிப் பிரிவைத் தவிர. நம்ம தொழில் பாஷையில் சொன்னால் வரிசையாக இஃப் போட்டுவிட்டு, எதிலும் அடங்காதவனைக் கடைசி எல்ஸில் தள்ளுகிற மாதிரி. அந்த எல்ஸ்தான் சூப்பர் ஹெவிவெயிட். எண்ணுக்குப் பக்கத்தில் பிளஸ் குறி போட்டிருக்கும்.

அந்த எண்ணும் நிலையாக இருந்ததில்லை. 1950 வரை 82.5 கிலோவைத் தாண்டினாலே கடைசிப் பிரிவு. பிறகு 90. 1969-இல் 110 ஆக்கினார்கள், சூப்பர் ஹெவிவெயிட் என்ற பெயரும் அப்போது வந்ததுதான். பிறகு 108, 105, 109 என்று அலைந்து, 2025 ஜூனில் திரும்பவும் 110-க்கே வந்து நிற்கிறது.

உச்சவரம்பு இல்லை என்பதால் உடல் எடைக்கு மதிப்பே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் பால் ஆண்டர்சனும் அர்ஜென்டினாவின் உம்பர்ட்டோ செல்வெட்டியும் ஆளுக்குச் சரியாக 500 கிலோ தூக்கினார்கள். அன்றைய விதிப்படி எடை குறைந்தவருக்குத் தங்கம். ஆண்டர்சன் 137.9, செல்வெட்டி 143.5. காய்ச்சலில் ஆண்டர்சன் இளைத்திருந்தார். காய்ச்சல் வாங்கித் தந்த தங்கம் என்றே சொல்லலாம்.

எனக்கு இந்தப் பிரிவு அறிமுகமானது நோட்டுப் புத்தக அட்டையில். எண்பதுகளில் மதுரையில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், சோவியத் பத்திரிகைகளின் வழவழப்பான தாளில்தான் அட்டை போடுவோம். என் கணக்கு நோட்டில் தொப்பையும் தொங்கும் கிருதாவுமாக ஒருத்தர் இருந்தார். வாசிலி அலெக்சேயெவ் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. 1970-இல் மூன்று தூக்குகளும் சேர்த்து 600 கிலோவைத் தொட்ட முதல் மனிதர். 80 உலக சாதனைகள், 1972-லும் 1976-லும் ஒலிம்பிக் தங்கம். 1980-இல் மாஸ்கோவில், சொந்த மண்ணில், ஸ்னாட்ச் மூன்று முயற்சியும் தவறி வெறுங்கையோடு போனார்.

நம் பக்கம் வருவோம். தமிழ்நாட்டுக்குப் பளுதூக்குதலில் நல்ல வரலாறு இருக்கிறது, ஆனால் அது தராசின் மறு முனையில். 1978 எட்மன்டன் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற கருணாகரன் 52 கிலோ பிரிவு. அதே போட்டியில் வெள்ளி வென்ற தமிழ்ச்செல்வன் 56 கிலோ. வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 இரண்டிலும் தங்கம், 77 கிலோ. பிளஸ் குறிப் பக்கம் நம் ஆட்கள் கண்ணில் படவில்லை. அந்த உடம்பை வளர்ப்பதும் வருடக்கணக்காகக் காப்பாற்றுவதும் சாப்பாட்டுச் செலவு. வீட்டில் பால்மாடும் வயலும் இருக்கிறவனுக்கே அது பெரிய விஷயம்.

இந்தியாவுக்காக அந்த இடத்தில் போய் நின்றவர் பஞ்சாபில் கன்னாவுக்குப் பக்கத்தில் மாஜ்ரி ரசூல்ரா என்ற கிராமத்துக்காரர், குர்தீப் சிங். 1995-இல் பிறந்தவர், விவசாயக் குடும்பம். அவருடைய இரண்டு காமன்வெல்த் போட்டிகளையும் நான்கு எண்களில் எழுதிவிடலாம்.

2018 கோல்ட் கோஸ்ட்: ஸ்னாட்ச் 175, கிளீன் அண்ட் ஜெர்க் 207, மொத்தம் 382. நான்காம் இடம்.

2022 பர்மிங்காம்: ஸ்னாட்ச் 167, கிளீன் அண்ட் ஜெர்க் 223, மொத்தம் 390. வெண்கலம்.

இந்தப் பிரிவில் இந்தியாவுக்கு முதல் காமன்வெல்த் பதக்கம் என்று அன்றைக்குச் செய்திகள் எழுதின. ஆகஸ்ட் 3 ராத்திரி. அந்தப் போட்டியில் இந்தியப் பளுதூக்கிகள் வாங்கிய பத்தாவது, கடைசிப் பதக்கம். கடைசி முயற்சியில் 223-ஐ ஏற்றித்தான் அதை எடுத்தார்.

நான்கு எண்களையும் மறுபடி பாருங்கள். நாலு வருஷத்தில் ஜெர்க் 16 கிலோ ஏறியிருக்கிறது, ஸ்னாட்ச் 8 கிலோ இறங்கியிருக்கிறது. வெள்ளி வாங்கிய நியூசிலாந்தின் டேவிட் லிட்டி தூக்கியது 170, 224, மொத்தம் 394. வித்தியாசம் நாலே கிலோ. குர்தீப் தன் பழைய 175-ஐ அன்றைக்கு ஏற்றியிருந்தால் மொத்தம் 398. வெள்ளி! இப்படிக் காகிதத்தில் கூட்டிப் பார்ப்பது கொஞ்சம் அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். எதிராளி எவ்வளவு போடுகிறான் என்று பார்த்துத்தான் அடுத்தவன் எடை கேட்பான். லிட்டியும் சும்மா இருந்திருக்க மாட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

இன்னொரு கணக்கு. சதீஷ் 2014-இல் 77 கிலோ பிரிவில் தூக்கியது 328. குர்தீப் 109-க்கு மேல் உடம்பை வைத்துக்கொண்டு 390. இவ்வளவுதானா என்று தோன்றும். உடம்பு பெருக்கிற வேகத்தில் பலம் பெருகாது. தசையின் பலம் அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது, எடையோ கன அளவைப் பொறுத்தது. பெரிய உடம்பு தன்னைத் தூக்கவே நிறையச் செலவழிக்கிறது. ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021-இல் 225, 267 என்று தூக்கி 492 வைத்தார். குர்தீப்பின் 390-க்கும் அதற்கும் இடையே 102 கிலோ. உலக அளவில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதற்கு இதைவிட நேரான அளவுகோல் கிடையாது.

தங்கம் பாகிஸ்தானுக்குப் போனது. குஜ்ரன்வாலாவின் நூஹ் தஸ்தகீர் பட், 173, 232, மொத்தம் 405. அவர் அப்பாவும் பளுதூக்கியவர். குர்தீப் தன் நெருங்கிய நண்பர் என்று போட்டி முடிந்ததும் நூஹ் நிருபர்களிடம் சொன்னார். பத்திரிகைகள் இந்தியா–பாகிஸ்தான் மோதலாக எழுதக் காத்திருந்திருக்கும்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்த 223 கிலோ வீடியோவைப் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். குர்தீப் ஏற்றி, கையை நீட்டி நின்று, நடுவர் சொன்ன பிறகு முன்னால் போட்டார்.

"ஏப்பா, பின்னால போடலையே?" என்றார்.

"அப்படிப் போட்டா செல்லாது பெரியப்பா."

"அப்புறம் என்னத்தத் தூக்கி..." என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவை போடச் சொன்னார்.