ஐந்தில் நான்கு: ஏலமலையிலும் இலங்கையிலும் மலேயாவிலும் பெண் கூலி

உலகப் பொருளாதார மன்றம் 2006 முதல் வெளியிட்டுவரும் பாலின இடைவெளி அறிக்கையில் இலங்கையின் பயணம் விசித்திரமானது. முதல் ஆண்டில் 115 நாடுகளுள் 13-ஆவது இடம். 2025-இல் 148 நாடுகளுள் 130. இந்தியா அன்று 98, 2025-இல் 131. இருபதாண்டுகளுக்குள் இலங்கைப் பெண்களின் நிலை அவ்வளவு கீழே போய்விட்டதா? கணக்குப் போடும் முறையைப் பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஒரு பெண் எத்தனை ஆண்டு நாட்டுக்குத் தலைமை வகித்தார் என்பதும் மதிப்பெண்ணில் சேரும். 1960-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவைப் பிரதமராக்கிய நாட்டுக்கு அது பழைய சேமிப்பு. காலம் நகர நகரச் சேமிப்பு கரைகிறது. அதைவிட முக்கியமானது கூலிச் சமத்துவம் பற்றிய குறியீடு. ஒரே வகை வேலைக்கு ஆணும் பெண்ணும் சமமாகப் பெறுகிறார்களா என்பதை அந்த அறிக்கை சம்பளப் பட்டியலைப் பார்த்து முடிவு செய்வதில்லை. நிறுவன நிர்வாகிகளிடம் கருத்துக் கேட்டு முடிவு செய்கிறது. தோட்டத்துத் துரையிடமே கூலி நியாயமா என்று கேட்பது போலத்தான் இது.

நாடுகளை ஒப்பிட வேறொரு அளவுகோலை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. தமிழ் மாவட்டங்களிலிருந்து ஒரே காலத்தில் மூன்று திசைகளில் பெண்கள் கூலி வேலைக்குப் போனார்கள்: மேற்கே மலையேறித் திருவிதாங்கூரின் ஏலத்தோட்டங்களுக்கும் தேயிலைக்கும், மண்டபம் வழியாக இலங்கைக்கு, கப்பலேறி மலேயாவுக்கு. மொழியும் ஊரும் ஒன்று, தோட்ட முறையும் ஏறக்குறைய ஒன்று. முக்கியமாக மாறியவை அரசுகளும் சட்டங்களும். ஆகவே ஆண் கூலிக்குப் பெண் கூலி என்ன விகிதம் என்ற ஒரே கேள்வியை மூன்று இடங்களிலும் வைத்துப் பார்க்கலாம். அப்படிப் பார்ப்பதற்கு ஏலமலை அடிவாரத்துப் போடிநாயக்கனூர் தோதான ஊர். அதிகாலையில் இங்கிருந்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குப் பெண்களைக் கொண்டுபோகின்றன, மாலையில் இறக்கிவிடுகின்றன. கீழே ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. ஏல மையத்தில் விலை கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

எழுத்தில் கிடைக்கும் தெளிவான கணக்கு இலங்கையிலிருந்து தொடங்குகிறது. 1927-இல் அங்கு இந்தியத் தொழிலாளர்களுக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி 1929 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. இடைநாட்டில் 52, 41, 31. தாழ்நாட்டில் 50, 40, 30. மலேயாவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் ரப்பர் தோட்டங்களின் நிர்ணயக் கூலி ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40. உலக மந்தத்தில் ரப்பர் விலை சரிந்ததும் 1930-இல் அது 40-ஆகவும் 32-ஆகவும் வெட்டப்பட்டது. நாணயம் வேறு, பயிர் வேறு, விலைவாசி வேறு. பெண்ணின் பங்கு மட்டும் ஐந்தில் நான்கை விட்டு நகரவில்லை. கூலியைப் பாதியாக வெட்ட நேர்ந்திருந்தாலும் இந்த விகிதம் பத்திரமாக இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

இந்த விகிதத்துக்கு உழைப்பின் அளவு காரணமாக இருக்க முடியாது. இலங்கைத் தேயிலையில் கொழுந்து பறிப்பது பெண்ணின் வேலை. தொழிற்சாலைக்குள் போகும் தேயிலையில் பெரும்பகுதி அவள் கூடையிலிருந்து வருவது. தோட்டத்தின் வருமானம் எந்த விரலில் தொடங்குகிறதோ அந்த விரலுக்குத்தான் குறைவான சதம். ஆண், பெண், சிறுவர் என்று படிப்படியாக இறங்கும் அந்த மூன்று எண்களை ஒன்றாகப் படித்தால் அவை ஒரு குடும்பத்தின் அரிசிக் கணக்கு என்பது புரியும். அரசும் துரைமாரும் வேலைக்கு விலை வைக்கவில்லை. தோட்ட வரிசை வீடான லயத்தில் வாழும் ஒரு குடும்பம் உயிரோடிருக்க என்ன வேண்டும் என்று கணக்கிட்டு, குடும்பத் தலைவன் என்று தாங்கள் கருதியவனின் கையில் பெரும்பங்கை வைத்தார்கள். பெண்ணின் கூலியையும் கணவனோ தகப்பனோ போய் வாங்கிவருவது இலங்கைத் தோட்டங்களில் நெடுங்காலம் நீடித்தது. கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சியம்மாளும் 1930-களில் தோட்டம் தோட்டமாகச் சென்று சங்கம் கட்டியபோது, பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தவர் மீனாட்சியம்மாள். ஆனாலும் அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஆண், பெண் கூலி சமமாகவில்லை.

இனி, சர்வதேச உறுதிமொழிகள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1951-இல் சம ஊதியத்துக்கான 100-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா 1958-இல் ஏற்றது, இலங்கை 1993-இல், மலேசியா 1997-இல். இந்த வரிசையை வைத்து முன்னேற்றத்தை அளந்தால் இந்தியாவுக்கு முதலிடம். நடந்தது வேறு. 1958-இல் கையெழுத்திட்ட இந்தியா சட்டம் கொண்டுவரப் பதினேழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. சர்வதேச மகளிர் ஆண்டான 1975-இன் செப்டம்பரில் அவசரச் சட்டம், 1976-இல் சம ஊதியச் சட்டம். கையெழுத்திடாத இலங்கையோ 1984-இலேயே தோட்டங்களில் ஆண், பெண் நாட்கூலியைச் சமமாக்கிவிட்டது. அதைச் செய்தது எந்த உடன்படிக்கையும் அல்ல, அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த தோட்ட வேலைநிறுத்தம்.

இலங்கையின் கதையில் இன்னொரு முரண் உண்டு. 1931-இல் ஆண், பெண் இருபாலருக்கும் சர்வசன வாக்குரிமை தந்த நாடு அது. ஆசியாவில் அதற்கு முன்னோடியில்லை. 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே அவர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது, 1949-இல் வாக்கும் போனது. தேசியச் சராசரியில் இலங்கைப் பெண் எழுத்தறிவிலும் ஆயுளிலும் இந்தியப் பெண்ணைவிட வெகுதூரம் முன்னே போனபோது, அதே நாட்டின் ஏற்றுமதியைச் சுமந்த பெண் அந்தச் சராசரிக்கு வெளியே லயத்தில் இருந்தாள். நாட்டை அலகாக எடுத்துக்கொள்ளும் எந்தப் பட்டியலிலும் அவள் தெரியமாட்டாள்.

மலேசியாவை விரைவாகக் கடந்துவிடலாம். ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, தமிழ்க் குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்தன. 2013-இல் நாடு முழுமைக்கும் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது, தோட்டங்களில் பெருமளவு இருந்தவர்கள் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள்.

கூலி சமமான பிறகு இடைவெளி எங்கே போனது? இலங்கையில் அது நேரத்துக்குள் புகுந்தது. கவாத்து வெட்டும் ஆண் தன் கணக்கை முடித்துவிட்டு நடுப்பகலில் வீடு திரும்புவான். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு மாலைவரை நிறுவை உண்டு. நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. செக்ரோல் எனப்படும் கூலிப் பதிவேட்டில் இருவருக்கும் ஒரே தொகைதான். அதைச் சம்பாதிக்க ஆன மணிநேரம் மட்டும் ஒன்றல்ல.

ஏலமலையில் இடைவெளி வேலையின் பெயருக்குள் புகுந்தது. ஏலச்செடியின் சரம் தரையை ஒட்டி வரும். காய் எடுப்பவள் குனிந்தோ குந்தியோ, முற்றியதைப் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொட்டால் எடை போய்விடும். இந்த வேலை பெண்ணுக்கு. மருந்தடிப்பதும் குழி எடுப்பதும் ஆணுக்கு. 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை' என்பதுதான் 1976 சட்டத்தின் நிபந்தனை. சிறு வேறுபாடுகளைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று 1987-இல் ஆட்ரி டி'கோஸ்டா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் சுருக்கெழுத்தாளர்கள் பற்றிய வழக்கு. காய் எடுப்பும் மருந்தடிப்பும் ஒத்த வேலையா என்பது அதில் எழவே இல்லை.

ஏலமலையில் இடைவெளி புகுந்த அடுத்த இடம் பரப்பளவு. தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலத்தையும் தழுவும் 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், திருத்தத்துக்குப் பின் 5 ஹெக்டேரும் அதற்கு மேலும் உள்ள தோட்டங்களுக்கே பொருந்தியது. ஐம்பது பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது அது. ஏலத்தில் சிறு தோட்டங்கள் ஏராளம். மூணாறு தேயிலைக் கம்பெனிப் பெண்ணுக்கு லயமும் காப்பகமும் உண்டு. ஜீப்பில் வந்து ஜீப்பில் திரும்பும் போடிப் பெண்ணுக்கு இரண்டும் இல்லை.

மூன்றாவது இடம், மாநில எல்லை. 1956 மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அதனால் வேலையும் கூலி நிர்ணயமும் மேலே, ரேஷன் கார்டும் வாக்கும் கீழே என்றாயிற்று. 1949-இல் இலங்கை தன் தோட்டப் பெண்ணுக்குச் சட்டத்தால் செய்ததை, இங்கே ஒரு மாநில எல்லை சத்தமில்லாமல் செய்கிறது. இரண்டும் ஒரே அளவு கொடுமை என்று சொல்லவில்லை. போடிப் பெண்ணுக்கு வாக்கு இருக்கிறது. அவள் கூலியைத் தீர்மானிக்கும் அரசு அந்த வாக்குக்குக் கட்டுப்பட்டதல்ல. 2020 பொதுமுடக்கத்தில் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டபோது இந்தப் பிளவு வெளிப்படையாகத் தெரிந்தது.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்தது இந்த வரலாற்றின் திருப்பம். போனசைக் குறைத்ததை எதிர்த்துத் தேயிலைப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், வேலையை நிறுத்திச் சாலையில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையும் ஆண்களையும் விலக்கிவைத்தார்கள். 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயர் அப்போது பிறந்தது. 20 சதவீத போனஸ் கிடைத்தது. அடுத்த மாதம் நாட்கூலி தேயிலைக்கு 232 ரூபாயிலிருந்து 301 ஆனது, ஏலத்துக்கு 330 என்று முடிவாயிற்று. கேட்டது 500. போராட்டத்துக்கு வராத ஏலத்தோட்டப் பெண்ணுக்கும் அதன் பலன் எட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும். 1984-இல் இலங்கையில் நடந்தது போலவே இங்கும் கூலியை நகர்த்தியது வேலைநிறுத்தம்தான். அங்கே அதை ஆண்கள் தலைமை தாங்கிய சங்கங்கள் நடத்தின. இங்கே பெண்களே நடத்தினார்கள்.

பாலின இடைவெளிப் பட்டியலின் உச்சியிலுள்ள ஐஸ்லாந்துக்கும் இதே வழிதான். 1975 அக்டோபர் 24 அன்று அந்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினர் வீட்டு வேலையையும் வெளிவேலையையும் நிறுத்தினார்கள். மறு ஆண்டு சமத்துவச் சட்டம் வந்தது. இந்தியாவின் சட்டமும் அதே 1976. வேறுபாடு பிற்பாடு வந்தது. 2018-இல் ஐஸ்லாந்தில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தான் சமமாகத் தருவதை நிரூபித்துச் சான்றிதழ் பெற வேண்டியதாயிற்று. இந்தியாவில் முதலாளி பதிவேடு வைக்க வேண்டும் என்றது 1976 சட்டம். நடைமுறையில் அதைத் திறக்க வைக்க யாராவது புகார் தர வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்தைத் தன்னுள் கரைத்துக்கொண்ட 2019 ஊதியத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. பாலின வேறுபாடு கூடாது என்று அதுவும் சொல்கிறது. ஐஸ்லாந்தின் முதலாளி ஆதாரத்தோடு வர வேண்டிய இடத்தில், இங்கே காய் எடுக்கும் பெண் தன் நாட்கூலியை விட்டுவிட்டு, வேறு மாநிலத்துத் தொழிலாளர் அலுவலகத்துக்கு, வேறு மொழியில் எழுதிய மனுவோடு போக வேண்டும்.