தரையிலே மலர்ந்த கலை

வீடு கட்டுவோர் முதலில் அத்திவாரம் இடுகின்றனர், சுவர் எழுப்புகின்றனர், கூரை வேய்கின்றனர். தரையின் அலங்காரம் எல்லாவற்றிற்கும் பின்னரே வருகின்றது. அதற்குக் கையிலே பொருள் எஞ்சியிருக்க வேண்டும். இவ்விடத்திலே நெடுங்காலம் வாழ்வோம் என்னும் நம்பிக்கை மனத்திலே இருக்க வேண்டும். ஆகவே ஒரு வீட்டின் தரையைக் கொண்டே அவ்வீட்டாரின் வரலாற்றை ஓரளவு அறிந்துகொள்ளலாம். பூவேலைச் சீமெந்துத் தரையோட்டின் கதையும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது.

வன்னியின் பழைய வீடுகள் மண்ணால் எழுந்தவை. கிடுகாலோ வைக்கோலாலோ வேயப்பெற்றவை. அடித்து இறுக்கிய மண் தரையைப் பெண்கள் சாணம் கரைத்து மெழுகினர். கை சென்ற வழியெல்லாம் பிறை பிறையாக வளைகோடுகள் பதிந்தன. தைப்பொங்கலன்று முற்றத்திலே கோலம் மலர்ந்தது. அவ்வழகு சில நாளிலே மறைந்துவிடும். மீண்டும் மெழுக மீண்டும் பிறக்கும். தரையிலே இட்ட கோலத்தை நிலைத்து நிற்கச் செய்யும் வழி, சீமெந்து வந்த பின்னரே எளிதாயிற்று.

1824 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த யோசேப்பு அஸ்ப்டின் என்பவர் போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்நூற்றாண்டின் பிற்பாதியிலே பிரான்சிலும் ஸ்பெயினிலும், சூளையிற் சுடாமல் வண்ணச் சீமெந்தை அச்சில் அழுத்தித் தரையோடு செய்யும் தொழில் வளர்ந்தது. கடல் கடந்தும் பரவிற்று. இந்தியாவிலே சுதேசி உணர்ச்சியின் வேகத்தில், 1922 இல் பம்பாயிலே பாரத் ஃபுளோரிங்ஸ் நிறுவனம் தோன்றி, இறக்குமதி ஓடுகளுக்கு எதிராக நின்றது.

தமிழர் கையில் இத்தொழில் தனிச்சிறப்பெய்திய ஊர் செட்டிநாட்டின் ஆத்தங்குடி. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வாணிகம் செய்து பொருளீட்டிய நகரத்தார், பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் கொண்டு மாளிகைகள் எழுப்பினர். அம்மாளிகைகளிலே ஆத்தங்குடி ஓடும் இடம்பெற்றது. கண்ணாடித் தகட்டின்மீது உலோக அச்சை வைத்து, அதன் அறைகள்தோறும் வண்ணச் சீமெந்துக் குழம்பை ஊற்றுவர். அச்சை எடுத்தபின் உலர்ந்த மணலும் சீமெந்தும் கலந்து தூவுவர். அது ஈரத்தை உறிஞ்சும். அதன்மேற் சாந்து பூசி அழுத்தி, உலரவிட்டுப் பின் நீர்த்தொட்டியில் ஊறவைப்பர். இறுதியில் கண்ணாடி கழன்றுவிடும். அதன் வழவழப்பு ஓட்டின் முகத்திலே தங்கிவிடும். நெருப்பு வேண்டாம், பேரியந்திரம் வேண்டாம். கைத்திறனும் பொறுமையுமே முதல். மிதிபட மிதிபட மெருகேறுவது இவ்வோட்டின் இயல்பு.

நம் நாட்டிலே, 1950 இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லே அதன் மூலப்பொருள். வன்னியிலும் மண்வீடுகளிடையே கல்வீடுகள் எழுந்தன; மெழுகிய தரையின் இடத்தைச் சீமெந்துத் தரை பற்றியது. வசதியுள்ளோர் விறாந்தைக்குச் செஞ்சாயம் கலந்து பூசி மினுக்கினர். ஆனாற் போர் மூண்டது. 1990 இல் ஆலை நின்றது. சீமெந்து வன்னிக்குக் கிட்டாத பொருளாயிற்று.

2009 மே மாதத்திற் போர் முடிந்து மக்கள் தத்தம் காணிகளுக்கு மீண்டபோது, பலர் கூரையைக் காணவில்லை, சுவரையும் காணவில்லை. பற்றை மண்டிய நிலத்திலே சீமெந்துத் தரை மட்டுமே வீட்டின் அடையாளமாய்க் கிடந்தது. அடுக்களை எது, சாமியறை எது என்பதை அத்தரையே காட்டிற்று. 2010 இல் இந்திய அரசு அறிவித்த 50,000 வீடுகள் திட்டத்திற் பெரும்பகுதி, வீட்டுக்காரரே முன்னின்று கட்டும் முறையில், ஒரு வீட்டிற்கு 5,50,000 ரூபா வீதம் நடைபெற்றது. அத்தொகை சுவருக்கும் கூரைக்குமே அரிதின் ஈடுகொடுத்தது. தரையின் அழகு பின்னாளைக்கென ஒதுக்கப்பட்டது.

இன்று அப்பின்னாள் வந்துகொண்டிருக்கின்றது. கடைகளிலே கிடைப்பவை பெரும்பாலும் ஆலைகளிற் சுட்ட பீங்கான் ஓடுகள். அவை பளபளப்பானவை, எனினும் அவற்றை வாங்கலாமேயன்றி நம் முற்றத்திலே செய்தல் இயலாது. ஆத்தங்குடி முறையோ, ஒரு கொட்டிலும் நீர்த்தொட்டியும் சில அச்சுகளும் இருந்தால் ஒரு குடும்பம் கற்றுப் பழகத்தக்க தொழில். சாணத் தரையிலே பிறை வரைந்த கைகளுக்குக் கோலம் புதிதன்று. தன் நிலத்திலே தான் வாழ்வேன் என்று உறுதி கொண்டவர்க்கு, அவ்வுறுதியைக் காலடியிலே எழுதிவைக்க இதனினும் ஏற்ற கலை வேறில்லை.