தோட்டத்தைத் திருப்பித் தந்த பெண்மணியும் எகிப்தின் குலா சட்டமும்

ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட செய்தியை நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். கணவரின் மார்க்கப் பற்றிலோ நற்குணத்திலோ அவர் குறை கூறவில்லை; சேர்ந்து வாழ மனம் ஒப்பவில்லை, அவ்வளவே. மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தர அவர் இசைந்ததும், அதனைப் பெற்றுக்கொண்டு ஒரு தலாக் சொல்லிவிடுமாறு நபியவர்கள் கணவரிடம் கூறினார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சி குலாவுக்கு முக்கியச் சான்றாக விளங்குகிறது.

நபியவர்களின் அச்சொல் கட்டளையா, ஆலோசனையா? ஆலோசனையே என்றனர் ஃபிக்ஹு அறிஞர்களுள் பெரும்பான்மையினர். ஆகவே கணவன் சம்மதிக்காமல் குலா இல்லை என்றாயிற்று. நூல்களில் அடங்கியிருந்த இக்கருத்து வேறுபாடு எகிப்தில் 2000ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்திற்கே வந்து சேர்ந்தது.

உஸ்மானியர் காலம் தொட்டு எகிப்தின் ஷரீஅத் நீதிமன்றங்களில் ஹனஃபி மத்ஹபே கோலோச்சியது. மனைவி கேட்டு மணத்தை முறிப்பதில் அம்மத்ஹப் மிக இறுக்கமானது. கணவன் செலவுக்குத் தராவிடினும், அடித்துத் துன்புறுத்தினும், அதற்காகக் காழி மணத்தைப் பிரித்துவிட இயலாது. காணாமற் போனவனின் மனைவியோ அவன் வயதையொத்தோர் மறையும் காலம் வரை காத்திருக்க வேண்டும்! மாலிக்கி மத்ஹபில் இவற்றுக்கு வழி இருந்தது. 1920, 1929 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அவ்வழியை ஏற்றன. ஜீவனாம்சம் தராமை, துன்புறுத்தல், தக்க காரணமின்றி ஓராண்டுக்கு மேல் பிரிந்திருத்தல் ஆகியவற்றுக்காக மனைவி நீதிமன்றத்தை நாடலாம் என்றாயிற்று. ஒரே மூச்சில் சொன்ன முத்தலாக்கை ஒன்றாகவே கணக்கிட்டதும் 1929ஆம் ஆண்டுச் சட்டமே. (நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திற்கும் மாலிக்கி மத்ஹபே கைகொடுத்தது.)

ஆயினும் துன்பத்தை மெய்ப்பிக்க வேண்டுமே! நான்கு சுவர்களுக்குள் நடந்ததற்குச் சாட்சிக்கு எங்கே போவது? வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 1975இல் ஃபாத்தின் ஹமாமா நடித்து வெளிவந்த 'உரீது ஹல்லன்' என்ற திரைப்படம் இவ்வவலத்தையே காட்டியது. 'எனக்கொரு தீர்வு வேண்டும்' என்பது அத்தலைப்பின் பொருள். அதன் நாயகி நெடுங்காலம் நீதிமன்றப் படியேறியும் இறுதியில் தோற்றுப்போகிறாள்.

2000ஆம் ஆண்டின் முதலாம் எண் சட்டம், அதன் 20ஆம் பிரிவில், பழைய வினாவுக்குக் கட்டளையே என விடை கூறியது. மனைவி மஹரைத் திருப்பித் தந்து, தன் பொருளுரிமைகளையும் விட்டுக்கொடுத்தால், கணவன் மறுத்தாலும் நீதிமன்றம் குலா வழங்கும். அதற்கு முன் மூன்று மாதங்களுக்கு மிகாமல் சமரச முயற்சி நடைபெறும். பிள்ளைகளின் வளர்ப்புரிமையையும் ஜீவனாம்சத்தையும் குலாவுக்கு விலையாக வைக்கக் கூடாது. தீர்ப்பின் மீது மேல்முறையீடும் கிடையாது. அல் அஸ்ஹரின் தலைவர் முஹம்மது சைய்யித் தன்தாவி ஆதரித்தார். அங்குள்ள வேறு உலமாக்கள் கடுமையாக எதிர்த்தனர். குடும்பங்கள் சிதறிவிடும் என்ற அச்சம் நாடாளுமன்றத்திலும் ஒலித்தது. 2002இல் உச்ச அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது.

இதை மேலைநாட்டு இறக்குமதி என்றவர்களின் வாதம் நமக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. ஆணுக்குத் தலாக் இருப்பதற்கு ஈடாகவே பெண்ணுக்குக் குலா உள்ளது என்று குர்துபாவின் காழி இப்னு ருஷ்து பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார்.

நம்மை உறுத்துவது வேறொன்று. கணவன் தலாக் சொன்னால் பிற்பட்ட மஹரையும் இத்தா காலச் செலவையும் அவன் தர வேண்டும். மனைவி குலா கேட்டால் அவன் ஒன்றும் தர வேண்டியதில்லை. எனவே அவளாகவே குலா கேட்கட்டும் என்று கொடுமை செய்து காத்திருக்கும் கணவர்கள் உண்டு. அடிபட்டவளும் வழக்கு நீளும் என்றஞ்சி, தனக்குச் சேர வேண்டியதைத் துறந்து குலாவையே நாடுகிறாள். ஸாபித் (ரலி) அவர்களின் மனைவியிடம் திருப்பித் தர ஒரு தோட்டம் இருந்தது. கெய்ரோவின் ஏழைக் குடியிருப்புகளில் வாழும் பெண்ணிடம் மஹர்ப் பணம் எப்போதோ வீட்டுச் செலவில் கரைந்திருக்கும்.