கல்லில் கூட்டிய கணக்கு

சென்ற வாரம் சேப்பாக்கம் அரண்மனையைப் பார்த்தோம். 1768இல் எழுந்த அந்த மாளிகை, கட்டிய ஆர்க்காட்டு நவாபின் வம்சத்திடம் நூறு ஆண்டுகூட நிலைக்கவில்லை. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில், திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில், அதே நவாபின் பெயர் தாங்கிய இன்னொரு கட்டடம் இருக்கிறது. வாலாஜா பள்ளிவாசல் என்பது ஏட்டில் உள்ள பெயர். திருவல்லிக்கேணிக்காரர்களுக்கு அது 'பெரிய மசூதி'.

நெடுஞ்சாலையின் இரைச்சல் வாசலோடு நின்றுவிடும். உள்ளே பரந்த திடல், ஒளு செய்யக் குளம், அதற்கப்பால் இரண்டு மினாராக்களோடு சாம்பல் நிறக் கருங்கல் மண்டபம். இரும்பும் மரமும் சேர்க்காமல் கட்டிய கட்டடம் இது என்பது இந்த வட்டாரத்தாரின் பெருமை.

ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1749 முதல் 46 ஆண்டுகள் நவாபாக இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணையோடு ஆண்டார். அந்தத் துணைக்கு விலையாகக் கடனில் மூழ்கினார். அவர் பட்ட கடன் 1785இல் லண்டன் நாடாளுமன்றம் வரை போய், எட்மண்ட் பர்க்கின் புகழ்பெற்ற உரைக்குப் பொருளானது. 1795 அக்டோபரில் நவாப் கண்மூடினார். அவர் குடும்பத்தார் எழுப்பிய இந்தப் பள்ளிக்கும் அதுவே ஆண்டு.

அந்த ஆண்டைக் கல்லில் பொறித்த விதம்தான் என்னை இந்தப் பள்ளியின்பால் இழுத்தது. அரபி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ஒரு தொடரின் எழுத்துகளைக் கூட்டினால் நிகழ்ச்சி நடந்த ஆண்டு வரும்படி பாடுவது பாரசீகக் கவிஞர்களின் கலை. இங்கே அமைந்த தொடர் 'திக்ருல்லாஹி அக்பர்': இறைவனை நினைவுகூர்வதே மிகப் பெரியது. முதல் சொல்லுக்கு 920, அல்லாஹ் என்ற பெயருக்கு 66, அக்பருக்கு 223. கூட்டிப் பாருங்கள், ஹிஜ்ரி 1209 வரும். அதாவது 1794-95.

இந்தக் கணக்கைப் போட்டவர் ராஜா மக்கன் லால். நவாபின் அவையில் பணியாற்றிய பாரசீகப் புலவர்; இந்து. பள்ளிவாசலின் பிறந்த ஆண்டை எழுதும் பொறுப்பு அவரிடம் போனதை அன்று யாரும் வியப்பாக நினைத்திருக்க மாட்டார்கள். பாரசீகம் கைவந்த புலவர் யாரோ, அவரிடம் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

பள்ளிக்குப் பெயர் தந்த நவாப் இந்த வளாகத்தில் இல்லை. முதலில் மயிலாப்பூரில் அடக்கமான அவர் உடல், பின்னர் திருச்சி நத்ஹர் வலி தர்காவுக்குக் கொண்டுபோகப்பட்டது. இங்கே உறங்குபவர்களில் ஒருவர் மௌலானா அப்துல் அலி. லக்னோவின் பிரங்கி மஹல் அறிஞர் மரபில் வந்தவர். நவாபின் அழைப்பை ஏற்றுச் சென்னைக்கு வந்து பாடம் நடத்தினார். 'பஹ்ருல் உலூம்', கல்விக்கடல், என்று போற்றப்பட்டார். அவர் வந்திறங்கியபோது நவாபே பல்லக்குக்குத் தோள் கொடுத்தார் என்றொரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. இன்னொருவர் முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில். 1972 ஏப்ரலில் அவர் மறைந்தபோது இங்கேதான் அடக்கம் செய்தார்கள். பள்ளி நிற்கும் சாலைக்கும் இன்று அவர் பெயர்தான்.

1801இல், நவாபுகள் ஆண்ட கர்நாடகப் பகுதியின் ஆட்சி முழுவதும் கம்பெனி கைக்குப் போயிற்று. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி மறைந்ததும் பட்டமும் போயிற்று. அரண்மனையும் அரசாங்கத்துக்குப் போயிற்று. பள்ளி மட்டும் தொழுகிறவர்களிடமே இருந்துவிட்டது. உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் தோளோடு தோள் நிற்கும் வரிசை அங்கே கலையவே இல்லை.

ரமலான் மாதத்து மாலையில் ஒருநாள் போய்ப் பாருங்கள். நோன்பு திறக்க ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திடலில் அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு உணவு பரிமாறுகிறவர்கள் மயிலாப்பூரிலிருந்து வரும் சூஃபிதார் அமைப்பின் தொண்டர்கள். பிரிவினையின்போது சிந்து மாகாணத்திலிருந்து வீடு வாசல் இழந்து வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கிய அமைப்பு அது. பல பத்தாண்டுகளாகத் தலையில் தொப்பி அணிந்து, கையில் பாத்திரத்தோடு வரிசை வரிசையாக நடக்கிறார்கள் அந்த இந்துத் தொண்டர்கள். பாங்கு ஒலிக்கும்முன் ஒவ்வொருவர் முன்னும் உணவு வந்துவிட வேண்டும் என்பதுதான் அவர்கள் கவலை.

மக்கன் லால் கல்லில் கூட்டிய கணக்கை இவர்கள் இன்னும் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம்: அரண்மனை இழந்த குடும்பம் குடியேறிய அமீர் மகால்.

(தொடரும்)