உகந்துடைமை

திருவிதாங்கூர்ப் பழஞ்சட்டச் சொற்களுள் ‘உகந்துடைமை’ நாம் கருதத்தக்கது. உகந்து அளிக்கும் உடைமை என்பது அதன் சொற்பொருள். ஆங்கிலச் சட்ட நெறியில் நன்கொடை எனத் தோன்றும். ஆயின் அதன் வழக்குப்பொருள் வேறு.

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே நிலவிய மருமக்கள்வழி முறையில் ஒருவனது குடும்பச் சொத்து உடன்பிறந்தாளின் மக்களைச் சார்ந்தது. அவனுடைய மனைவிக்கும் மக்களுக்கும் வழக்காறு ஒதுக்கிய பங்கே உகந்துடைமை. அப்பங்கை முன்னிட்டுப் பூசல்கள் மலிந்தன. திருவனந்தபுரத்தில் தமிழ் பயிற்றிய கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்னும் நூலில் அம்முறையை எள்ளி நகையாடினார்.

கொல்லம் ஆண்டு 1101இல், அதாவது 1925-26இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றியது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மனைவியையும் மக்களையும் முதல்நிலை வாரிசுகளாக்கியது. எனவே, பழைய ஆவணங்களில் இச்சொல்லைக் காணுங்கால், வெறும் நன்கொடை என நாம் மொழிபெயர்த்தல் தகாது.