கிறிஸ்துமஸ் கொடையை யாரிடம் ஒப்படைப்பது?

கிறிஸ்துமஸ் காலத்தில் ஏழைகளுக்கு ஏதேனும் கொடுப்பது நன்று என்பதில் மேல்நாட்டாரிடையே கருத்து வேற்றுமை அதிகம் இருந்ததில்லை. இறைச்சியும் ரொட்டியும், கம்பளியும் காலணியும், பிள்ளைகளுக்குப் பொம்மைகளும் கொடுக்கத்தான் செய்தார்கள். சச்சரவெல்லாம் அடுத்த கேள்வியில்தான் எழுந்தது. யாருக்குக் கொடுப்பது? கொடுப்பவர் நேரே கொண்டு போய்க் கொடுப்பதா, ஒரு சங்கத்திடம் ஒப்படைப்பதா? ஒப்படைப்பதானால் எந்தச் சங்கத்திடம்? ‘பாத்திரம் அறிந்து பிச்சை இடு’ என்று நம் முன்னோர் நான்கு சொற்களில் சொல்லி முடித்துவிட்டார்கள். பாத்திரத்தை அறிவது எப்படி என்று மட்டும் அவர்கள் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க நியூயார்க் நகரம் பட்ட பாடு ஒரு தனிச் சரித்திரம்.

இந்தக் கேள்வி கிராமத்தில் எழுந்ததல்ல. பழைய இங்கிலாந்தின் கிராமங்களில், கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்னதாக, டிசம்பர் 21ஆம் தேதி, ஏழைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று கோதுமை கேட்டு வாங்குவார்கள். அன்று புனித தோமையார் திருநாள். நம் மயிலாப்பூரோடு மரபு இணைத்துப் பேசும் அதே தோமையார்தான். ஆகவே அவ்வழக்கத்துக்கும் தோமையார் பெயரே வழங்கியது. அங்கே யார் விதவை, யார் நோயாளி, யார் சோம்பேறி என்று ஊருக்கே தெரியும். பதிவுப் புத்தகம் தேவைப்படவில்லை. இலட்சக்கணக்கான மக்கள், அதிலும் நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவர்கள், ஒருவரையொருவர் அறியாமல் அடுக்கு மாடிகளில் நெருங்கி வாழும் நகரத்தில்தான் கொடுப்பவன் திகைத்து நின்றான். ஒரே குடும்பத்துக்குக் கோயிலிலிருந்து ஒரு கூடையும், சங்கத்திலிருந்து ஒரு கூடையும், பத்திரிகையிலிருந்து ஒரு கூடையும் வந்து சேரும். அடுத்த சந்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஒன்றும் வராது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1869ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. தருமங்களை ஒழுங்குபடுத்துவதே அதன் வேலை. அதன் முறை அமெரிக்காவுக்கும் பரவி, 1882இல் நியூயார்க்கில் ‘தரும ஒழுங்குச் சங்கம்’ என்று நாம் சொல்லத்தக்க ஓர் அமைப்பு ஏற்பட்டது. அதை நிறுவியவர் ஜோசபின் ஷா லோவெல் என்னும் அம்மையார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1863இல் சகோதரரையும், 1864இல் கணவரையும் பறிகொடுத்தவர். அப்பொழுது அவருக்கு வயது இருபது. பிறகு வாழ்நாள் முழுவதும் பொதுப் பணியிலேயே கழித்தார்.

அவருடைய சங்கம் தருமம் கொடுப்பதற்காக ஏற்பட்டதன்று என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் கொடுக்கும் தருமம் எங்கே போகிறது என்று அறிவதற்காக ஏற்பட்டது. நகரத்தின் பல சங்கங்களிடம் உதவி பெற்றவர்களின் பெயர்களை ஒரே இடத்தில் அட்டைகளில் பதிந்து வைத்தார்கள். எந்தச் சங்கமும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். உதவி நாடியவரின் வீட்டுக்கு ஒருவர் சென்று விசாரிப்பார். தெருவில் கை நீட்டுபவனுக்குக் காசு கொடுக்காதீர்கள், இந்தச் சீட்டைக் கொடுங்கள் என்று செல்வர்களிடம் சீட்டுகள் விற்றார்கள். சீட்டோடு வருபவன் சங்கத்தின் விறகுத்தொட்டியில் விறகு பிளந்தால் அவனுக்கு உணவும் இடமும் கிடைக்கும்.

ஏழைகள் இந்தச் சங்கத்தை விரும்பவில்லை என்பதில் வியப்பில்லை. பசித்தவனிடம் நீ குடிப்பாயா, உன் மனைவி எங்கே, போன வாரம் எங்கே வேலை செய்தாய் என்று வரிசையாகக் கேட்டால் யாருக்குத்தான் மனம் கசக்காது? அக்காலத்தில் நியூயார்க்கின் பவரி வட்டாரத்தில் திமொத்தி சல்லிவன் என்றோர் அரசியல் தலைவர் இருந்தார். ‘பெரிய டிம்’ என்பது ஊரார் இட்ட பெயர். அவர் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் அன்று ஆயிரக்கணக்கான வீடற்றவர்களுக்கு விருந்து வைத்தார். கடுங்குளிரான பிப்ரவரியில் காலணிகள் வழங்கினார். பசித்து வந்தவனின் பூர்வ கதையைத் தாம் கேட்பதே இல்லை என்பது அவருடைய பெருமை. விருந்துண்டவர்கள் தேர்தல் நாளில் அவரை மறக்கவில்லை என்பதும் உண்மையே. ஆயினும், கேள்வி கேட்காத சல்லிவனிடம் அன்பும், கேள்வி கேட்ட சங்கத்திடம் அச்சமும் ஏழைகளுக்கு இருந்தன என்றால், அதற்குச் சங்கத்தார்தாம் பதில் சொல்ல வேண்டும்.

லோவெல் அம்மையார் தாமே ஒருவகையில் பதில் சொன்னார் என்று நான் கருதுகிறேன். 1889இல் அவர் மாநிலத் தருமப் பரிபாலனக் குழுவிலிருந்து விலகினார். தருமத்தை நம்பி வாழும் சில ஆயிரம் பேரைவிட, உழைத்தும் வயிறு நிறையாத பல்லாயிரம் பேரைக் கவனிப்பதே முதற் கடமை என்பது அவர் கண்ட முடிவு. 1891இல் நியூயார்க் நுகர்வோர் சங்கத்தின் முதல் தலைவரானார். அச்சங்கம் கடைகளை ஆராய்ந்து, வேலைக்காரப் பெண்களுக்கு நியாயமான கூலியும் ஓய்வும் தரும் கடைகளின் பெயர்களை மட்டும் ஒரு ‘வெள்ளைப் பட்டிய’லாக வெளியிட்டது. டிசம்பர் மாதத்தில் கடைப் பெண்களும் பொதி சுமக்கும் சிறுவர்களும் நள்ளிரவு வரை நின்று உழைப்பார்கள். பரிசுப் பொருள்களை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், கடைசி வாரத்தில் அவர்களை வதைக்காதீர்கள் என்று இந்த இயக்கத்தார் பிற்காலத்தில் மக்களை வேண்டிக்கொண்டார்கள். ஏழைக் குழந்தைக்கென்று நாம் வாங்கும் பொம்மையைக் கட்டிக் கொடுக்கும் பெண்ணும் ஏழைதானே என்ற எண்ணம் அந்த வேண்டுகோளில் இருந்தது.

இதற்கிடையில் இரட்சணிய சேனையார் வேறொரு வழியில் சென்றார்கள். 1891இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜோசப் மக்ஃபீ என்னும் அதிகாரி, ஓடத்துறையில் ஒரு பானையைத் தொங்கவிட்டு, ஏழைகளின் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் காசு திரட்டினார். அந்தப் பானை வழக்கம் நாடெங்கும் பரவியது. 1899 கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் அவர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு விருந்து நடத்தினார்கள். கீழே ஏழைகள் உண்டார்கள். மேல்மாடத்தில் செல்வர்கள் கட்டணம் கொடுத்து அமர்ந்து, அவர்கள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பணம் நல்ல காரியத்துக்குத்தான் போயிற்று. இருந்தும் இதைப் படிக்கும்பொழுது நமக்குக் கூச்சம் உண்டாகிறது. விறகுத்தொட்டிச் சீட்டு இதைவிடக் கௌரவமானது என்றுகூடத் தோன்றுகிறது.

1911ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் உரிமையாளர் அடால்ஃப் ஆக்ஸ் விருந்துண்டு உலாவப் புறப்பட்டார். வழியில் கந்தல் உடுத்த ஒருவனைக் கண்டார். வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் தனக்கு விருந்து கிடைத்தது என்றும், இரவு தங்கத்தான் இடமில்லை என்றும் அவன் சொன்னான். ஆக்ஸ் சில டாலர்களையும் தம் பெயர்ச் சீட்டையும் கொடுத்து, வேலை வேண்டுமானால் மறுநாள் வந்து பார்க்கச் சொன்னார். இவ்வளவு சிறிய சம்பவந்தான். விருந்து கிடைத்தவனுக்கு வேண்டியிருந்தது விருந்து அன்று என்பது அவர் மனத்தில் தைத்தது.

மறு ஆண்டு அவர் தம் நிருபரை நகரின் தரும சங்கங்களுக்கு அனுப்பினார். புதிதாக யாரையும் விசாரிக்க அன்று. அச்சங்கங்களின் பதிவேடுகளில் ஏற்கெனவே இருந்த குடும்பங்களின் கதைகளை எழுதிவரச் செய்தார். இவ்வாறு 1912 டிசம்பரில் ‘மிகவும் வறியோர் நூறு பேர்’ என்ற தலைப்பில் அக்கதைகள் வெளிவந்தன. குடும்பங்களின் பெயர் வெளியிடப்படவில்லை. அந்த முதல் ஆண்டில் 117 பேர் 3,630 டாலர் 88 சென்ட் அனுப்பினார்கள். செல்வம் கொழிக்கும் அவ்வளவு பெரிய நகரத்தில் இது சிறு தொகைதான். ஆனால் அந்த நிதி ஆண்டுதோறும் தொடர்ந்து, நூறாண்டுகளைக் கடந்து நிலைத்துவிட்டது.

இதில் நான் காணும் விந்தை என்னவென்றால், ஏழைகள் அஞ்சிய அதே அட்டைகள்தாம் இங்கே வாசகர்களை நெகிழச் செய்தன. சங்கத்தின் பெண் ஒருத்தி படியேறிச் சென்று கேட்ட கேள்விகளும் எழுதிய குறிப்புகளும் இல்லையென்றால் அந்த நூறு கதைகள் கிடைத்திரா. வாசகன் குடும்பங்களைத் தானே தேடித் திரிய வேண்டியதில்லை. விசாரிக்கத் தெரிந்த சில சங்கங்களைப் பத்திரிகை தேர்ந்து கொடுத்தது. வறியவனும் வாசகனின் முன் வந்து நிற்க வேண்டியதில்லை. மாடிசன் சதுக்கத்தின் மேல்மாடம் இங்கே இல்லை.

அடுத்த ஆண்டே, அதே நகரத்தில், நேர் எதிரான ஒரு முயற்சி தொடங்கியது. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் குழந்தைகள் எழுதும் கடிதங்களைத் தபால் இலாகா நெடுங்காலம் சேர்ப்பிக்க இயலாக் கடிதங்களாகவே ஒதுக்கி வந்தது. இல்லாத ஒருவருக்கு வந்த கடிதத்தை வேறொருவர் பிரிப்பது சட்டப்படி தகாது அல்லவா? 1907இல் அவற்றைத் தருமவான்களிடம் கொடுக்க அனுமதி பிறந்தது. எழுதிய குழந்தை உண்மையிலே வறுமைப்பட்டதா என்று யார் விசாரித்தார்கள் என்று கண்டனம் எழவே, அது நிலைக்கவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் அனுமதி மீண்டும் வந்தது. 1913இல் ஜான் டுவால் கிளக் என்பவர் ‘சாண்டா கிளாஸ் சங்கம்’ என்று ஒன்றை ஏற்படுத்தி, நியூயார்க்குக்கு வந்த அக்கடிதங்களைப் பெற்றுக்கொண்டார். தொண்டர்கள் கடிதங்களைப் படித்தார்கள்; ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கொடையாளி கிடைத்தார்; பொம்மைகள் வீடுகளுக்குச் சென்றன. பத்திரிகைகள் வியந்து எழுதின. அட்டை இல்லை, விசாரணை இல்லை, விறகுத்தொட்டி இல்லை. குழந்தையின் கையெழுத்து ஒன்றே சாட்சி.

கிளக் பிறகு சங்கத்துக்கென்று பெரிய மாளிகை கட்டப் போவதாகச் சொல்லிப் பணம் திரட்டத் தொடங்கினார். மாளிகை எழவில்லை. பணத்துக்குச் சரியான கணக்கும் இல்லை. ஏழைகளை ஆராய மறுத்த சங்கத்தை யாரும் பல ஆண்டுகள் ஆராயவே இல்லை. முடிவில் நகரப் பொதுநலத் துறையின் ஆணையர் பேர்ட் கோலர் கணக்கைக் கேட்டார். 1928இல் தபால் இலாகா கடிதங்களைக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. பதினைந்து ஆண்டுகளில் அச்சங்கத்தின் மூலம் எத்தனையோ குழந்தைகள் உண்மையாகவே பொம்மை பெற்று மகிழ்ந்தார்கள் என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை. கடிதங்களைப் பொதுமக்களிடம் தரும் வழக்கத்தைத் தபால் இலாகா பிற்காலத்தில் தானே நடத்தியது. இந்த நூற்றாண்டில் குழந்தையின் குடும்பப் பெயரையும் முகவரியையும் மறைத்தே கடிதங்களைக் கொடுக்கத் தொடங்கியது.

இனி ஒரு பொம்மையின் கதை. 1947ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டயான் ஹெண்டிரிக்ஸ் என்னும் பெண்மணி, கம்பளி நூலால் தலைமயிர் வைத்த துணிப் பொம்மை ஒன்றைத் தம் கையாலேயே செய்தார். கிறிஸ்துமஸுக்கு ஏதேனும் ஓர் ஏழைக் குழந்தையிடம் சேர்க்கும் சங்கத்தில் அதைக் கொடுத்துவிட்டு வரும்படி கணவரிடம் சொன்னார். அவர் மரைன் சேமப்படையில் மேஜர். விசாரித்துப் பார்த்துவிட்டு, அப்படிப்பட்ட சங்கம் ஒன்றும் இல்லையே என்று திரும்பி வந்தார். அப்படியானால் நீங்களே ஒன்றைத் தொடங்குங்கள் என்றார் மனைவி. அவ்வாண்டு மேஜரும் அவருடைய சகாக்களும் ஐயாயிரம் பொம்மைகள் திரட்டினார்கள். அடுத்த ஆண்டே மரைன் படை அதை நாடு முழுவதற்குமான இயக்கமாக ஏற்றுக்கொண்டது. பொம்மையை எந்தக் குழந்தைக்குக் கொடுப்பது என்ற பழைய கேள்விக்கு அவர்கள் தாமாக விடை தேட முற்படவில்லை. ஒவ்வோர் ஊரிலும் குடும்பங்களை அறிந்த நலச் சங்கங்களையும் தேவாலயங்களையும் துணையாகக் கொண்டார்கள்.

முதல் முப்பது ஆண்டுகள் பழைய பொம்மைகளையும் வாங்கிக்கொண்டார்கள். படைவீரர்கள் வாரக் கடைசிப் பயிற்சி நாட்களில் உடைந்த சக்கரத்தைப் பொருத்தியும் உரிந்த வண்ணத்தைப் பூசியும் அவற்றைச் செப்பனிட்டார்கள். 1980 முதல் புதியவை மட்டுமே ஏற்கப்பட்டன. பயிற்சி நாட்களைப் பயிற்சிக்கே செலவிட வேண்டியிருந்ததும், பழைய பொம்மையால் தீங்கு நேரலாம் என்ற கவலையும் காரணங்கள். பிறர் கழித்த பொம்மையைப் பெறும் குழந்தை என்ன எண்ணும் என்பதும் ஒரு காரணம். அழகிய தாளில் சுற்றிக் கொண்டு வருபவர்களிடமும், சுற்றாமலே பெட்டியில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பது எந்த வயதுக் குழந்தைக்கு ஏற்றது என்று கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது.